மஞ்சள் தடவிய கடுதாசி

எழுபதுகளில் நான் போட்ட சட்டைகள் எல்லாவற்றிலும் இடதுபக்கப் பை மட்டும் தொங்கிப்போயிருக்கும். எந்நேரமும் அதற்குள் ஒரு குட்டி நோட்டு இருந்ததுதான் காரணம். வீட்டில் அதை ‘நல்லது கெட்டது நோட்டு’ என்று கேலி செய்வார்கள். கேலி என்ன, உண்மைதான். தூத்துக்குடியைச் சுற்றி எந்த வியாபாரி வீட்டில் யாருக்குக் கல்யாணம், யாருக்குச் சடங்கு, யார் போய்ச் சேர்ந்தார், பதினாறாம் நாள் என்றைக்கு என்பதையெல்லாம் ஊர்வாரியாக அதில் எழுதி வைத்திருந்தேன்.

நான் வேலை பார்த்தது பீச் ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு கிளியரிங் ஏஜென்சியில். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிற வியாபாரிகளுக்குக் கஸ்டம்ஸ் காகிதம் எல்லாம் முடித்துக் கப்பலில் ஏற்றிவிடுகிற தொழில். அந்த மாதிரி ஆபீஸ் எங்கள் தெருவிலேயே நாலைந்து இருந்தன. எல்லோரும் செய்வது ஒரே வேலை. அப்புறம் வியாபாரி ஏன் நம்மிடம் வரவேண்டும்? அதற்குத்தான் நான். வாடிக்கைக்காரரை எங்கள் தொழிலில் ‘பார்ட்டி’ என்போம். பார்ட்டியைப் பிடிப்பதும், பிடித்த பார்ட்டியை விடாமல் வைத்திருப்பதும் என் பொறுப்பு. இன்றைக்கு இதற்கு வகுப்பு நடத்துகிறார்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு கை குலுக்கச் சொல்லித்தருகிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. எங்கள் காலத்தில் பார்ட்டி பிடிப்பது என்றால் துட்டி வீட்டில் போய் உட்காருவது. துட்டி என்றால் எங்கள் பக்கத்தில் சாவு. துக்கம் விசாரிப்பதைத் துட்டி கேட்பது என்போம். கல்யாணத்துக்குப் போகாவிட்டால்கூடச் சமாளித்துவிடலாம், துட்டிக்குப் போகாதவனை ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார்கள்.

நான் போகாத துட்டி கிடையாது என்று பெயரெடுத்திருந்தேன். புன்னைக்காயல் மாதா கோயிலில் சாவு மணி அடித்து ஓய்வதற்குள் நான் அங்கே போய் நிற்பேன் என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். எனக்கும் அதில் கர்வம்தான். இல்லை என்று சொன்னால் பொய்.

இந்தப் பார்ட்டிகள் எல்லாம் எனக்கு வந்தது ஒரே ஒரு மனிதரால். அவர் ஏரலில் தும்பு வியாபாரி. தும்பு என்பது பனைமட்டையில் இருந்து எடுக்கிற நார். அதைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, பிரஷ் செய்கிற வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அனுப்புவார். முதல்முதலாக அவர் கடைக்குப் போனபோது நான் ஆபீஸ் பெருமையை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “ஏலே, சாப்பிட்டியாலே?” என்றார். இல்லை என்றேன். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றையிலிருந்து அவர் எனக்கு அண்ணாச்சி, அவர் வீட்டம்மா மதினி.

மதினி என்னைக் கொழுந்தனாரே என்றுதான் கூப்பிடுவார். இரண்டாவது தடவை சோறு வாங்க நான் தயங்கினால், “கொழுந்தனாரே, வெக்கப்படாம கேளும். இங்கன பரிமாறுதவ நானு, உம்ம முதலாளி இல்ல” என்பார். நான் சிரிப்பதற்குள் இலையில் சோறு விழுந்திருக்கும்.

அண்ணாச்சி சொன்னதால்தான் சாயர்புரத்துக் கருப்பட்டி வியாபாரி எங்களிடம் வந்தார். அவரால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். “நம்ம பயதான், நம்பிக் குடுக்கலாம்” என்று அண்ணாச்சி சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் யாரும் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள்.

எனக்கு முதலில் பிறந்தது பெண் குழந்தை. ஐம்பது நாள்கூட இருக்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் அண்ணாச்சியும் மதினியும் வந்து இறங்கினார்கள். மதினி என் மனைவியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சிக்கெடுத்தபடி இருந்தார். அண்ணாச்சி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு நாள் கடையைப் பூட்டிப் போட்டுவிட்டு எங்களோடு இருந்தார். காலையில் போய்ப் பால் வாங்கி வருவார். வந்தவர்களுக்குப் பாய் விரிப்பார். நான் எத்தனையோ துட்டி வீடுகளில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். உட்காருவது என்றால் என்ன என்று அந்த இரண்டு நாளில்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு என் நோட்டில் ஏரல் பக்கத்தில் இருந்து அவர் பெயரை அடித்துவிட்டேன். சொந்த அண்ணனின் நல்லது கெட்டதை யாராவது குறித்து வைத்துக்கொள்வார்களா?

இனிச் சொல்ல வேண்டியது கடுதாசி விஷயம். நல்ல காரியத்துக்கு வருகிற கடுதாசியின் மூலையில் மஞ்சள் தடவியிருக்கும். துட்டிக் கடுதாசி என்றால் மூலையில் கறுப்பு மை. மஞ்சள் கடுதாசியைப் பத்திரமாக வைத்துக்கொள்வோம். கறுப்புக் கடுதாசியை வீட்டுக்குள் கொண்டுபோகமாட்டோம், வாசலிலேயே வாசித்துக் கிழித்துப் போட்டுவிடுவோம். எங்கள் முதலாளிக்கு இதில் ரொம்பப் பயம். ஆபீஸுக்கு மாதம் மூன்று நான்கு வந்துகொண்டிருந்ததால் நானே ஒரு சட்டம் போட்டேன். தபால் பார்க்கிற குமாஸ்தா வாசலிலேயே அதை வாசிக்க வேண்டும், என் நோட்டில் ஏற்ற வேண்டும், உடனே கிழித்துவிட வேண்டும். குமாஸ்தா ரிட்டயர் ஆகப்போகிற வயசு மனிதர், சொன்னால் சொன்னபடி செய்வார்.

ஒரு ஐப்பசியில் இரண்டு நாள் நான் காயல்பட்டணத்துக்குப் போயிருந்தேன். கொழும்பில் கடை வைத்திருந்த ஒரு பெரிய வியாபாரி ஊருக்கு வந்திருந்தார். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நானும் காக்கா என்று மரியாதையாகக் கூப்பிட்டு, அவர் வீட்டு வாசலில் தவமாய்த் தவமிருந்தேன். அந்தப் பார்ட்டி கடைசிவரை எங்களுக்குப் படியவில்லை. அது வேறு கதை.

நான் அங்கே இருந்த நாளில்தான் ஏரலில் இருந்து அந்தக் கார்டு வந்திருக்கிறது. மதினி போய்விட்டார். காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாராம். மழையில் போன் லைன் செத்துக் கிடந்ததால் வெளியூருக்கெல்லாம் கார்டுதான் போட்டிருக்கிறார்கள். குமாஸ்தா வாசலில் நின்று வாசித்தார். நோட்டு என் சட்டைப்பைக்குள் காயல்பட்டணத்தில் இருந்தது. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று கார்டைக் கிழித்துப் போட்டார். மத்தியானமே ஒரு கப்பல் வந்துவிட்டது. ஆபீஸே துறைமுகத்துக்கு ஓடியது. அவர் மறந்துபோனார்.

நான் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு பதினைந்து நாளாகியும் ஏரலில் இருந்து லோடு வரவில்லை. அடைமழை, தும்பு நனைந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் போகவும் நேரமில்லை. ஏனென்றால் புதுத் துறைமுகத்துப் பக்கம் முதலாளி ஒரு கிட்டங்கி கட்டி, சரக்கு அடுக்குகிற அந்தக் கட்டடத்துக்குத் திறப்பு விழா வைத்திருந்தார். அழைப்பிதழ் வேலை முழுக்க என் தலையில். கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடுதாசியின் மூலையிலும் என் விரலாலேயே தடவினேன். முக்கியமானவர்களுக்கு அச்சடித்ததற்குக் கீழே கைப்பட ஒரு வரி எழுதினேன். ஏரல் அண்ணாச்சிக்கு எழுதியது: “மதினியையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரவேண்டும். அவர்கள் வராமல் நான் சாப்பிடமாட்டேன்.”

திறப்பு விழாவுக்கு எல்லோரும் வந்தார்கள். அண்ணாச்சி வரவில்லை. நான் வாசலுக்கும் பந்திக்கும் நடந்துகொண்டே இருந்தேன். சாயர்புரத்துக் கருப்பட்டி வியாபாரி கை கழுவிக்கொண்டு வந்தார். “ஏரல் அண்ணாச்சியை எங்கே காணோம்?” என்று அவரிடம் கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “அவரு எப்படி வே வருவாரு? சம்சாரத்துக்குப் பதினாறு முடிஞ்சு மூணு நாள்தான் ஆவுது. நானே உம்மகிட்டக் கேக்கணும்னு இருந்தேன். துட்டிக்கும் நீரு வரல, பதினாறுக்கும் வரல. என்ன வே உமக்கு?”

காதில் விழுந்தது. புத்தியில் ஏறவில்லை. தபால் குமாஸ்தா பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். போய், “ஏரல்ல இருந்து கார்டு வந்துதா?” என்று கேட்டேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“வந்துது. வாசல்லயே கிழிச்சிட்டேன். நீங்க போட்ட சட்டந்தானே. கப்பல் வந்ததுல மறந்துபோச்சு. பெறவு ஞாபகம் வந்துது. ஏரல் அண்ணாச்சி வீட்டு விஷயம் உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு விட்டுட்டேன்.”

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் மட்டுமில்லை, வழியில் பார்த்த ஏரல்காரர்கள், பஸ் கண்டக்டர், எல்லோருமே அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். நானூறு வீட்டு நல்லது கெட்டதைத் தெரிந்து வைத்திருந்தவனுக்கு, சொந்த மதினி செத்ததைச் சொல்ல ஆள் இல்லை.

மறுநாள் ஏரலுக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து அழுதுகொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

அண்ணாச்சி முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவரில் மதினியின் போட்டோ, மாலை போட்டிருந்தது. என்னைக் கண்டதும் அண்ணாச்சி எழுந்தார். அத்தனை வருஷத்தில் எனக்காக அவர் எழுந்ததே இல்லை.

“வாங்க. உக்காருங்க” என்றார்.

எனக்கு அங்கேயே உயிர் போய்விட்டது. ஏலே என்று திட்டியிருக்கலாம். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். மகனைக் கூப்பிட்டு, “சாருக்குக் கலர் வாங்கிட்டு வா” என்றார். அந்த வீட்டில் எனக்குக் கடையில் கலர் சோடா வாங்கிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் அடுக்களைப் பானையில் நானே தண்ணீர் மொண்டு குடிப்பேன்.

“அண்ணாச்சி, கார்டு வந்திருக்கு. நான் ஊர்ல இல்ல. ஆபீஸ்ல வாசிச்சிட்டுக் கிழிச்சிட்டாங்க. எங்கிட்டச் சொல்ல மறந்துட்டாங்க. சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணாச்சி” என்று அழுதேன்.

அவர் கேட்டுக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. “அதனால என்ன. துட்டிக் கடுதாசியக் கிழிக்கத்தானே செய்யணும்” என்றார். பிறகு காலண்டர் தொங்கிய ஆணியைக் காட்டினார். அதில் எங்கள் கிட்டங்கி அழைப்பிதழ் செருகியிருந்தது. “மஞ்சள் தடவுனதைத்தான் கிழிக்கக் கூடாது. பதினாறு அன்னைக்கு வந்துது. வச்சிருக்கேன்.”

என் கையெழுத்து வெளியே தெரிகிற மாதிரி அது இருந்தது. மதினியின் படத்துக்கும் அதற்கும் நடுவே இரண்டு முழத் தூரம்கூட இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கலரைக் குடித்தேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை.

அடுத்த வாரமே ஏரலில் இருந்து தும்பு லோடு வந்தது. அண்ணாச்சி எங்களை விட்டுப் போகவில்லை. வேறு ஏஜென்சிக்காரர்கள் மோப்பம் பிடித்துப் போய்க் கேட்டும் மாற்றவில்லை. “பார்ட்டி கைய விட்டுப் போகலையே, கெட்டிக்காரன்யா நீ” என்று முதலாளி என் முதுகைத் தட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆளின் கையைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். சம்பளம் வாங்குகிறவன், சிரித்துவைத்தேன்.

அதற்கு அப்புறமும் நான் மாதம் தவறாமல் ஏரலுக்குப் போனேன். பொங்கலுக்குப் போனேன். அவர் மகன் கல்யாணத்தில் மூன்று நாள் கிடந்து வேலை செய்தேன். அண்ணாச்சி ஒரு குறையும் வைக்கவில்லை. வாங்க என்றார், சாப்பிடுங்க என்றார், போயிட்டு வாங்க என்றார். அந்த ‘ங்க’வை எடுத்துவிடச் சொல்லி எந்த வாயால் கேட்பது? ஒருநாள் கேட்டேவிட்டேன். “வயசாகுதுல்லா, மரியாதை குடுக்கணும்லா” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் நான் இல்லை.

மதினி போன நாலாம் வருஷம் அண்ணாச்சியும் போனார். கறுப்பு மை தடவிய கார்டை இந்தத் தடவை நானே ஆபீஸ் வாசலில் வாங்கினேன். குமாஸ்தா அதற்குள் ரிட்டயர் ஆகியிருந்தார். வாசித்தேன். கிழிக்க முடியவில்லை. சட்டைப்பையில் நோட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பதினாறு முடிகிறவரை அந்த வீட்டிலேயே இருந்தேன். பால் வாங்கினேன், பாய் விரித்தேன்.

பதினாறு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு மகனும் நானும் மட்டும் முன்னறையில் இருந்தோம். அவன் என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான். நான் மனம் பொறுக்காமல் அந்தப் பழைய கார்டைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

“அம்மா செத்தன்னைக்கு எல்லாருக்கும் நாங்கதான் சித்தப்பா எழுதுனோம். அப்பா ஒரே ஒரு கார்டுதான் எழுதுனாரு, உங்களுக்கு. அவனுக்கு நான் எழுதுதேன்னு வாங்கிக்கிட்டாரு. எட்டிப் பாத்தேன். ஏலேன்னு ஆரம்பிச்சிருந்தாரு. துட்டிக் கடுதாசியில அப்படி எழுதலாமாப்பான்னு கேட்டேன். அவனுக்கு அப்படித்தாம்லே எழுதணும்னு சொல்லிட்டு, கையால மறைச்சிக்கிட்டு எழுதுனாரு.”

அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தார் என்று அவனுக்குத் தெரியவில்லை. மறுநாளே குமாஸ்தா வீட்டைத் தேடிப் போய்க் கேட்டேன். பாவம், அவர் நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். ஞாபகம் இல்லை என்றார்.