தடங்கல் என்று பெயர்த்த கற்கள்

"நீ வெச்ச கல்லு ஒரு மழை தாங்குமாம்மா?"

கேப்டன் அங்கிள் இதைக் கேட்டபோது ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தார். நான் முழங்கால்வரை புழுதியோடு ஏழாவது கல்லைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பின்னால் சைக்கிளோடு நின்ற நாலைந்து பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்ததையும் சொன்னார். "இன்ஜினியரிங் படிச்சு, மாஸ்டர்ஸ் பண்ணி, சான் ஹோசே வந்து, கடைசியில மம்மட்டியா? இதுக்கு ஊர்லயே இருந்திருக்கலாமே." என் அப்பாவும் அம்மாவும் கரூர்ப் பக்கம் தார்ச்சாலை போடும் வேலைக்குப் போனவர்கள் என்பது அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான்தான் என்பதும் தெரியும். இரண்டையும் நானேதான் சொல்லியிருந்தேன், தலை நிமிர்ந்து. சொன்னதை அவர் இப்படித் திருப்பி எறிவார் என்று எதிர்பார்க்கவில்லை.

அவரைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும் என்பதால் முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இந்த ஊருக்கு வேலை கிடைத்து வந்தபோது விமான நிலையத்துக்குக் காரோடு வந்தவர் அவர். வீடு கிடைக்கும்வரை மூன்று வாரம் அவர்கள் வீட்டு மாடியறையில்தான் இருந்தேன். ஆன்ட்டி தினமும் எனக்கும் சேர்த்து டிபன் கட்டித் தந்தார். கோயம்புத்தூர்க்காரர், பெரிய மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பதவி. வாரயிறுதியில் மலையில் சைக்கிள் ஓட்டும் தமிழர்கள் நாற்பது பேரை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து வைத்திருந்தார். கேப்டன் என்பது அவர்கள் வைத்த பெயர். தன்னுடைய பழைய மலைச் சைக்கிளை எனக்குச் சும்மாவே கொடுத்தார். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் தலைகுப்புற விழுவாய் என்று சொல்லி, சரிவில் கூடவே ஓடி வந்தவரும் அவர்தான். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் கோபம் இவ்வளவு இருந்திருக்காது.

எங்கள் பக்கத்து மலையில் இருக்கும் டிரெயில், அதாவது மண்பாதை, எல்லோருக்கும் பொதுவானது. நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், சில நாட்களில் குதிரைகள். சைக்கிள் நடப்பவருக்கு வழிவிட வேண்டும், இருவரும் குதிரைக்கு வழிவிட வேண்டும் என்று நுழைவாயிலிலேயே மஞ்சள் பலகை இருக்கிறது. பலகையை எல்லோரும் படிக்கிறார்கள். இறக்கத்தில் யாருக்கும் அது நினைவிருப்பதில்லை. பாதி வழியில் ஓர் ஓக் மரத்தையும் பாறையையும் சுற்றிப் பாதை திரும்புகிறது. அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று இந்தப் பக்கம் தெரியாது. மேலேயிருந்து வருகிற சைக்கிள் அந்த இடத்தில்தான் முழு வேகத்தில் இருக்கும். சனிக்கிழமைதோறும் இந்தப் பாதையைச் செப்பனிடும் தன்னார்வலர் குழு ஒன்று உண்டு. அதை நடத்துபவர் வாரநாட்களில் வீடு வீடாகத் தபால் கொடுக்கும் அமெரிக்கப் பெண்மணி. அவர் என்னிடம், நீ வடிகால் வடிவமைக்கிறவள்தானே, இந்த வளைவுக்கு ஏதாவது யோசியேன் என்றார். நான் அளந்து வரைந்து கொடுத்தேன். வளைவுக்கு முன் இடமும் வலமுமாக மாறி மாறி ஏழு கற்கள். நடப்பவருக்கு இடைஞ்சல் இல்லை, குதிரையும் போகலாம். சைக்கிள் மட்டும் பிரேக் பிடித்துத்தான் போக முடியும். ஒவ்வொரு கல்லும் பாதியளவு மண்ணுக்குள். இரண்டு கற்களுக்கு நடுவே தண்ணீர் தேங்காமல் சரிவுப் பக்கம் வழியும்படி தரையைச் சாய்த்திருந்தேன். பூங்கா அலுவலகம் படத்தில் கையெழுத்திட்டு அனுமதி கொடுத்தது.

அந்தக் குளிர்காலத்தில் மழை பேய்மழையாகப் பெய்தது. ஈரமாக இருக்கும்போது டிரெயிலில் ஓட்டக் கூடாது என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த விதி. களிமண்ணில் டயர் பதிந்தால், வெயிலில் காய்ந்து சிமென்ட் வாய்க்கால்போல் இறுகிவிடும்; அடுத்து வருகிறவரின் சக்கரத்தை அது பிடித்துக்கொள்ளும். கேப்டன் குழு இரண்டு முறை ஈரத்திலேயே ஓட்டியது. "வீக்கெண்ட் விட்டா அப்புறம் எப்போம்மா? திங்கக்கிழமை மீட்டிங்ல உக்காந்துக்கிட்டா ஓட்டுறது?" என்றார் அங்கிள். அவர்கள் விட்டுப்போன தடங்களை நிரவ எங்களுக்கு மார்ச் மாதம் முழுக்கப் போனது. என் கற்கள் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. மழை தாங்கின. ஆயுத பூஜை தாங்கவில்லை.

ஆண்டுதோறும் ஆயுத பூஜையையொட்டி வருகிற சனிக்கிழமை, டிரெயில் அடிவாரத்துக் கார் நிறுத்துமிடத்தில் அவர்கள் சைக்கிள்களுக்குப் பூஜை போடுவார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த நாள். பல ஆயிரம் டாலர் கார்பன் சைக்கிள் சட்டத்தில் சந்தனம் வைத்து, முன் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்து, பிறகு வரிசையாக மலையேறி இறங்குவார்கள். பூசணிக்காய் உடைக்க மட்டும் அனுமதி இல்லை. இந்த முறை அலுவலக வேலையாக நான் வெளியூரில் இருந்தேன். ரைடு கிளம்புமுன்பே குழுவில் படங்கள் வந்திருந்தன; நான் மதியம்தான் பார்த்தேன். முதல் படத்தில் என் ஏழு கற்கள், பக்கத்தில் கடப்பாரையோடு நாலு பேர். அடுத்ததில் கற்கள் இல்லாத வழவழப்பான பாதை. கீழே அங்கிள் எழுதியிருந்தார்: "பூஜை ரைடுக்கு முன் தடங்கல் நீக்கும் சேவை. காலை ஏழு மணி. சேவை செய்த அன்பர்களுக்கு நன்றி." மூன்றாவது படத்தில் பூஜை. நடுவில் அருகம்புல்லும் மஞ்சளும் குங்குமமுமாக ஒரு கல் பிள்ளையார். கல்லின் குறுக்கே வெள்ளையாக ஓடிய கோட்டைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. நான் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப்போய் வைத்த மூன்றாவது கல் அது.

பிள்ளையார்மேல் எனக்கு வருத்தமில்லை. வழியில் தடங்கல் இருக்கக் கூடாது என்று நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள். அதில் கெட்ட எண்ணம் இல்லை என்றுகூட ஒப்புக்கொள்கிறேன். நான் கல் வைத்ததைக் கேப்டனும் இன்னும் சிலரும் கண்ணால் பார்த்திருந்தும், ஏன் வைத்தாய் என்று கேட்க நாற்பது படித்த மனிதர்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அலுவலகத்தில் ஒருவர் எழுதிய ஒரு வரி நிரலை மாற்ற வேண்டுமென்றால், ஏன் எழுதினாய் என்று கேட்டுவிட்டுத்தான் மாற்றுகிறவர்கள் இவர்கள். எழுதியதற்கு மதிப்பு உண்டு, மண்ணில் செய்ததற்குக் கிடையாது.

படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே தபால்கார அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. வளைவில் ஒரு சைக்கிள் ஒரு பெண்ணை இடித்துவிட்டது. ஓட்டியவர் கேப்டன் அங்கிள். விழுந்தவர் எங்கள் குடியிருப்பில் பக்கத்து பிளாக்கில் இருக்கும் பல் டாக்டர் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், சனிக்கிழமை காலைகளில் தனியாக அந்த மலையில் நடப்பவர். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது; பிறகு அறுவை செய்து பிளேட் வைத்தார்கள். அங்கிள் ஓடிவிடவில்லை. சட்டையைக் கழற்றி அவர் கையைத் தாங்கிக் கட்டி, ஆம்புலன்ஸை வரவழைத்து, அது வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாராம். அக்காவே சொன்னார்.

அந்த மனிதரே நாலு நாள் கழித்துப் பூங்கா அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இடிபட்ட பெண்மணி காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பாதையின் நடுவில் நடந்தார். தன்னார்வலர்கள் முன்னறிவிப்பின்றிப் பாதையை அடிக்கடி மாற்றிக் குழப்பம் செய்கிறார்கள். விபத்துக்கு இவையே காரணம் என்று எழுதியிருந்தார். கற்களைப் பெயர்த்ததைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. குழுவிலிருந்த மூன்று படங்களும் விபத்து நடந்த இரவே அழிக்கப்பட்டிருந்தன. பூங்கா அலுவலகம் எங்கள் சனிக்கிழமை வேலையை நிறுத்திவைத்தது. பல வருடங்களாக அந்த மலைக்கு உழைத்த தபால்கார அம்மாவைப் பொறுப்பிலிருந்து விலக்கி, விசாரணைக் கூட்டத்துக்கு வரச் சொன்னது.

நான் அக்காவைப் பார்க்கப் போனேன். கை நெஞ்சோடு கட்டப்பட்டிருந்தது. "காதில ஒண்டும் இல்லைப் பிள்ளை. மரங்கொத்தி கொத்திற சத்தம் கேட்டுக்கொண்டு ஓரமாத்தான் நடந்தனான். வாறன் எண்டு ஒரு குரல் குடுத்திருந்தால் விலகியிருப்பன்" என்றார். இரண்டு விரல்கள் இன்னும் விறைத்துக் கிடக்கின்றன. அந்த விரல்களால்தான் அவர் ஊசி பிடிக்க வேண்டும். என் போனில் தானாகவே பதிவாகியிருந்த பிள்ளையார் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "பிள்ளையாருக்குப் பொட்டு, எனக்கு பிளேட்டோ?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் அங்கிளே அழைத்தார். என்னிடம் படங்கள் இருப்பது எப்படியோ தெரிந்திருந்தது.

"இதைப் பெருசு பண்ணாதம்மா. அடுத்த மாசம் எனக்கு சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ. கேஸு கீஸுன்னு ஏதாவது வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு."

"அக்கா ஹெட்ஃபோன் போட்டிருந்தாங்கன்னு எதுக்கு எழுதினீங்க, அங்கிள்?"

"எல்லாரும் போட்டுட்டுத்தானே நடக்குறாங்க" என்றார். பிறகு குரல் மாறியது. "நம்ம ஆளை நம்ம ஆளே காட்டிக் கொடுக்கலாமா?"

"அக்காவும் நம்ம ஆளுதான்."

"அவங்க ஸ்ரீலங்கன்மா."

நான் அழைப்பைத் துண்டித்தேன். வாயைத் திறந்திருந்தால், மூன்று வாரம் சோறு போட்ட மனிதரிடம் சொல்லக் கூடாததைச் சொல்லியிருப்பேன். எத்தனை சுலபமாக ஒருவரை வெளியே தள்ளிவிடுகிறார்கள்! மண் தொட்டவளா, அவள் வைத்த கல்லைப் பெயர்க்கலாம். வேறு நாட்டுத் தமிழா, அவள் காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிடலாம். தபால் கொடுக்கும் பெண்ணா, அவள் தலையில் பழியைக் கட்டலாம். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. விசா முத்திரைக்கு வரிசையில் நின்ற யாருக்கும் அது புரியும். ஆனால் அந்த பயத்தின் சுமையை அவர் இறக்கிவைத்த இடம் ஓர் உடைந்த மணிக்கட்டு.

முதுகுக்குப் பின்னால் செய்தேன் என்ற பேச்சு வரக் கூடாது என்று செவ்வாய் மாலை அவர் வீட்டுக்கே போனேன். ஆன்ட்டி கதவைத் திறந்து, வழக்கம்போல "சாப்பிட்டியா?" என்றார். அங்கிள் சோபாவிலிருந்து எழவில்லை. கடிதத்தை நீங்களே திரும்பப் பெற்று, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள், வியாழன்வரை காத்திருக்கிறேன், இல்லையென்றால் நான் எழுதுவேன் என்றேன். "மெரட்டுறியா?" என்றார். இல்லை, சொல்லிவிட்டுச் செய்கிறேன் என்றேன். ஆன்ட்டி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு உள்ளே போய்விட்டார். வாசல்வரை வந்து வழியனுப்ப அன்று யாரும் வரவில்லை.

வியாழன் வந்தது, போனது. வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போகுமுன் பூங்கா அலுவலகத்துக்கு என் கடிதத்தை அனுப்பினேன். கற்களை வடிவமைத்தவள் நான் என்பதை முதல் வரியிலேயே எழுதினேன். பூங்கா கையெழுத்திட்ட வரைபடம், மூன்று படங்கள், அக்காவின் சம்மதத்தோடு அவர் சொன்னது, அங்கிள் சட்டையைக் கழற்றிக் கட்டி, கூட இருந்து உதவியது — எல்லாம் அதில் இருக்கிறது. எதையும் கூட்டவில்லை, எதையும் விடவில்லை. விசாரணைக் கூட்டத்தில் பேசுவோர் பட்டியலில் என் பெயரையும் பதிந்துவிட்டேன்.

பிறகு அதே கடிதத்தின் நகலைக் குழுவிலும் போட்டேன். நாற்பது பேரும் படித்துவிட்டதாக நீலக் குறி காட்டுகிறது. ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. நானாகவே வெளியேறிவிடுவேன் என்று அவர்கள் காத்திருப்பது தெரிகிறது. அடுத்த சனிக்கிழமை ரைடுக்கு யார் யார் வருகிறீர்கள் என்ற கேள்வி அதற்குக் கீழே இன்று காலை வந்தது. பட்டியலில் முதல் ஆளாக என் பெயரை எழுதி, வளைவில் இறங்கி நடந்து போவேன் என்றும் சேர்த்திருக்கிறேன்.