அத்தை குளிக்காமல் போன சனிக்கிழமை

எங்கள் குடும்பத்தில் ஒரு சாவுக்கு நாள் குறித்து, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு, எண்ணெய் வாங்கி, இளநீர் இறக்கி வைத்து, கடைசியில் அந்தச் சாவு நடக்காமலே போயிற்று. இப்போது அந்தப் பேச்சை எடுத்தால் வீட்டில் எல்லோருக்கும் அவசரமாக வேறு வேலை வந்துவிடுகிறது. எனக்கு வேலை ஒன்றும் இல்லை, சொல்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பாம்பன் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் எங்கள் ஊர். புருஷன் கடலோடு போனபிறகு, பிள்ளை இல்லாத அத்தை எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். மீன் கூடையோடு பஸ் ஏறி உச்சிப்புளி வரை போய் விற்றுவிட்டு வருவாள். கூடையைக் கீழே இறக்கு என்று சொன்ன ஒரு கண்டக்டர் மறுநாளிலிருந்து வேறு ரூட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டதாக ஊரில் சொல்வார்கள். அவ்வளவு வாய். அந்த வாயே ஒருநாள் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மதுரைக்குக் கொண்டுபோய்த் தலையைத் திறந்து ஆபரேஷன் செய்து பார்க்கலாம், பிழைப்பாள் என்று சொல்ல முடியாது என்றார் ராமநாதபுரத்து டாக்டர். பேச்சு கொஞ்சம் திரும்பியதும் அத்தை சொன்ன முதல் வார்த்தை, மதுரைக்கு வர மாட்டேன் என்பதுதான்.

அப்புறம் ஒன்றரை வருடம் படுக்கை. முதுகில் புண் வந்தது. அவளைத் தூக்கி, துடைத்து, புரட்டிப் போடுவதெல்லாம் அம்மா ஒருத்திதான். அம்மாவுக்கு இடுப்பு போயிற்று. அப்பா கடலுக்குப் போய்விடுவார். வந்தாலும் அத்தையின் அறை வாசல் வரைக்கும்தான் போவார். உள்ளே போனால் அழுதுவிடுவார், பாவம்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் அத்தை அப்பாவைக் கூப்பிட்டு, "தம்பி, எனக்கு எண்ணெய் வச்சு விட்டுருங்கடா" என்றாள்.

உள்நாட்டில், வானம் பார்த்த பூமிப் பக்கம் சில ஊர்களில் இந்த வழக்கம் உண்டு. கிடையில் விழுந்து நாளாகிவிட்ட வயசாளிகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிப்பாட்டி இளநீர் கொடுப்பார்கள். அந்த உடம்பு அதைத் தாங்காது. சாவு தானாக வந்ததுபோல வந்துவிடும். போலீசும் கேட்காது, ஊரும் கேட்காது. எங்கள் கடற்கரையில் இது கிடையாது. ஆனால் சித்தப்பா கமுதியில் பெண் எடுத்து, அங்கேயே மிளகாய் வத்தல் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டுக்கு வரும்போது, புண்ணைக் கழுவுகையில் அத்தை கத்தினால் தெருவில் நின்று காதைப் பொத்திக்கொண்டு அழுகிற ஆள் அவர். அக்கா கேட்கிறாள், கொடுத்துவிடுவோம் என்றார். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போய்ப் படகு என்ஜினைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை என்று முடிவாயிற்று.

அங்கேதான் ஒரு சிக்கல். நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். அவஸ்தை பெறாமல், அதாவது சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு, நெற்றியில் எண்ணெய் பூசி, நன்மை என்கிற நற்கருணை அப்பம் கொடுக்காமல் எங்கள் தெருவில் யாரும் செத்ததில்லை. அத்தை அப்படிப் போய்விட்டால் ஊர் என்ன சொல்லும்? ஆகவே வெள்ளிக்கிழமை சாமியாரைக் கூப்பிட்டு அவஸ்தை கொடுத்துவிடுவது, சனிக்கிழமை குளிப்பாட்டுவது. கொலை செய்யாதே என்பது ஐந்தாம் கட்டளை. அதை மீறுவதற்கு முன்னால் மற்றதெல்லாம் முறைப்படி நடந்திருக்க வேண்டும் என்று பார்த்த குடும்பம் எங்களுடையது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு சாமியார் மோட்டார் பைக்கில் வந்து இறங்கினார். புதிதாக வந்தவர், ஒல்லியான ஆள். முற்றத்தில் வேப்பமரத்தடியில் இளநீர் குலை குலையாகக் கிடந்தது. பக்கத்தில் கமுதியிலிருந்து வந்த நல்லெண்ணெய் டின். நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

"யாருக்குப்பா கல்யாணம்?" என்று கேட்டார்.

"தோத்திரம் சாமி. கல்யாணம் இல்ல. நாளைக்கு அத்தைக்கு எண்ணெய்க் குளியல். குளிச்சா மூணு நாள்ல மோட்சத்துக்குப் போயிருவாக" என்றேன். ஒரு வரி விடாமல் மந்திரம் ஒப்பிக்கிற பெண் என்று கோயில் மறைக்கல்வி வகுப்பில் பெயர் வாங்கியவள் நான். இதையும் அப்படியே ஒப்பித்தேன்.

சாமியார் என்னைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பாவசங்கீர்த்தனம் என்பதால் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. கதவு திறக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் மீன் விற்றவளுக்கு அவ்வளவு பாவம் எங்கிருந்து வந்தது என்று சித்தப்பாவுக்கே பயம் வந்துவிட்டது. உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வெளியே வந்த சாமியாரின் கண் சிவந்திருந்தது. நேராக வேப்பமரத்தடிக்கு வந்து, பெஞ்சியில் உட்கார்ந்து, "என்னா வெயிலு! ஒரு இளநி வெட்டுங்க" என்றார்.

சித்தப்பா திருதிருவென்று முழித்தார். சாமியார் கேட்டு இல்லை என்று எப்படிச் சொல்வது? வெட்டினார். ஒன்றைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். பிறகு கடற்கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கையைத் தட்டி, "ஏலே, எல்லாரும் வாங்க, இங்கன இளநி குடுக்கிறாக" என்று கூப்பிட்டார். அவர்கள் வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் வந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து இடைவேளைக்கு வந்த கூட்டமும் சேர்ந்துகொண்டது. அரை மணி நேரத்தில் முற்றம் முழுக்க வெறும் மட்டை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமியாராக இருந்துகொண்டு இப்படியா ஒரு வீட்டில் வந்து தின்னித்தனம் பண்ணுவது!

சித்தப்பாவுக்கும் பொறுக்கவில்லை. அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, "அக்காதான சாமி கேட்டுச்சு. நாங்களாவா செய்யிறோம்? அது கிடந்து நாளெல்லாம் துடிக்கிறத பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றீகளா?" என்று கத்தினார்.

சாமியார் கத்தவில்லை. "மதுரைக்கு வர மாட்டேன்னு சொன்னாகல்ல, அது அவுக இஷ்டம். அதப் பாவம்னு நான் சொல்ல மாட்டேன். வர்ற சாவ வாசல்ல நின்னு மறிக்கணும்னு சபையும் சொல்லல. நீங்களே போயி அதக் கையப் புடிச்சு இழுத்துட்டு வராதீகன்னுதான் சொல்லுறேன். வலிக்கு மருந்து இருக்கு. எத்தனை தடவ டாக்டர்ட்ட போயிக் கேட்டீக?"

 அப்பாதான் தரையைப் பார்த்துக்கொண்டு, "புரட்டிப் போட ஆள் இல்ல சாமி. இவளுக்கும் இடுப்பு போச்சு" என்றார்.

அவ்வளவுதான். அடுப்படி வாசலில் நின்றிருந்த அம்மா முற்றத்துக்கு வந்தாள். ஆம்பளைகள் பேசும் இடத்தில் அம்மா வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

"என் இடுப்பு வலிக்கு அவுகளக் கொல்றதா வைத்தியம்? என்னைய ஒருத்தராச்சும் ஒரு வார்த்த கேட்டீகளா? தூக்குனது நானு. பீ மூத்திரம் அள்ளுனது நானு. நானே போதும்னு சொல்லல. வாசப்படியத் தாண்டாத ஆம்பளைக கூடி நாள் குறிக்கிறீக! இடுப்பு போச்சுன்னா நீங்க வந்து ஒரு பக்கம் புடிங்க!"

 இளநீர் குடித்துக்கொண்டிருந்த பையன்கள்கூட உறிஞ்சுவதை நிறுத்திவிட்டார்கள். அப்போது அறைக்குள்ளிருந்து ஒரு குரல். ஒன்றரை வருடமாக முனகலாக மட்டும் கேட்ட குரல், பஸ் ஸ்டாண்டில் கேட்ட பழைய சத்தத்தில் பாதியாவது இருக்கும்.

"அடேய்! எனக்குன்னு வாங்கிப்புட்டு எல்லாத்தையும் நீங்களே குடிக்கிறீகளாடா? எனக்கு ஒண்ணு மிச்சம் வையிங்கடா!"

முதலில் சிரித்தது சாமியார். பிறகு அம்மா. அழுகையும் சிரிப்புமாக ஓடிப்போய் நாலு கரண்டி இளநீரை அத்தையின் வாயில் ஊட்டினாள். அப்பா வாசற்படியில் ஒரு நிமிடம் நின்றார். அப்புறம் உள்ளே போனார். அம்மா தலைமாட்டிலும் அவர் கால்மாட்டிலும் பிடித்து அத்தையைப் புரட்டிப் போட்டார்கள். அன்றிலிருந்து அது அவர் வேலையாயிற்று.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு எங்கள் தெரு அன்பியத்துப் பெண்கள், அதாவது வீடு வீடாகக் கூடிச் செபம் சொல்கிறவர்கள், எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, யார் யாருக்கு எந்தெந்தக் கிழமை என்று முறை பிரித்துக்கொண்டார்கள். ராமநாதபுரத்திலிருந்து நர்ஸ் ஒருத்தி வந்து புண்ணுக்கு மருந்து கட்டச் சொல்லிக்கொடுத்தாள். காற்று அடைத்த மெத்தை வந்தது. டாக்டர் வலிக்கு மாத்திரை எழுதித் தந்தார். முதல் முறையாக அத்தை இரவு முழுவதும் தூங்கினாள். சித்தப்பாவின் நல்லெண்ணெய் நாலு மாதம் எங்கள் வீட்டு மீன் குழம்புக்கு ஆயிற்று. குழம்பு மணக்க மணக்க, இப்படிப்பட்ட எண்ணெயில் குளித்துச் செத்திருந்தால் எவ்வளவு நஷ்டம் என்பாள் அத்தை.

அந்த வருடம் மாதா திருவிழாவுக்கு நாலு பேர் அவளை நாற்காலியோடு தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். முன்னால் மாதா சப்பரம், பின்னால் எங்கள் அத்தை. மாதாவுக்கு வேட்டு, அத்தைக்குக் கைதட்டல். "ஏலே, இடது பக்கம் இறங்குது, ஒழுங்காப் புடிலே! மீன் கூடைன்னு நெனச்சியா?" என்று அவள் போட்ட சத்தம் வேட்டுச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. ஊரே சிரித்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

இன்னும் மூன்று வருடம் இருந்தாள். ஒருநாள் மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்தபடியே போனாள். யாரும் அழைத்து வராமல், தானாக வந்த சாவு. அடக்கத்தில் எல்லோரையும்விட அதிகமாக அழுதவர் சித்தப்பாதான்.

போன வருடம்தான் அம்மா எனக்கு மிச்சத்தைச் சொன்னாள். அத்தை எண்ணெய் கேட்டதற்கு முதல்நாள் சாயங்காலம், பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தி என்னோடு வீட்டுக்கு வந்தாளாம். நான் வாசலிலேயே அவளை மறித்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வராத, நாத்தம் குடலப் புடுங்கும்" என்றேனாம். எனக்கு அது துளியும் ஞாபகம் இல்லை. அத்தை படுத்திருந்த ஜன்னல் அந்த வாசலுக்கு நேராக இருந்தது. வலி அல்ல, புண் அல்ல, அத்தையைச் சாகலாம் என்று நினைக்கவைத்தது அதுதான்.

அம்மா அப்போது என்னை ஒன்றும் சொல்லவில்லை. சாமியார் வந்துபோன மறுநாளிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அத்தைக்குத் தலை சீவிப் பவுடர் போட்டுவிடுவது என் வேலை என்று மட்டும் சொன்னாள். விளையாடப் போக விடாமல் இதென்ன தண்டனை என்று எனக்குக் கோபம். சீவி முடித்ததும் அத்தை ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"ஏட்டி, நாறுதா?"

"இல்லத்த, பவுடர் வாசந்தான் வருது" என்று அவள் கழுத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்துச் சொல்லிவிட்டு ஓடுவேன். நான் கடற்கரைக்குப் போய்ச் சேரும்வரை அவள் சிரிக்கிற சத்தம் பின்னாலேயே வரும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை.