தேங்காய்ப்பால் இல்லாத சொதி

தென்காசியில் பத்திரம் எழுதும் வீரபாகுவின் வயிறு ஊரறிந்த வயிறு. இருபது வருஷமாக அது எதையும் ஒழுங்காக ஏற்றுக்கொண்டதில்லை. ‘வடக்கே வாய்க்கால்’ என்று கட்சிக்காரர் எல்லை சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மேசைக்குப் பின்னாலிருந்து வாய்க்கால் ஓடும் சத்தம் கேட்கும்.

அவரும் சும்மா இருக்கவில்லை. பாதாமும் பன்னீருமாக மூன்று மாதம் பேலியோ இருந்ததில் மூலம் வந்தது. சமைக்காத காய்கறிக்கு மாறியதில் ஒரு பல் போனது. கடைசியில், உப்பில்லாத கொள்ளுக் கஞ்சியும் அவித்த சுரைக்காயும் என்று இறங்கிய நான்காம் நாள், வயிறு வாயே திறக்கவில்லை. அன்று அவர் பத்திரத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதார்.

தன் உடம்புக்கு ஏற்ற சாப்பாட்டைக் கண்டுபிடிப்பது பெரிய காரியம். கண்டுபிடித்ததைத் தன்னோடு வைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய காரியம். அது அவருக்கு வாய்க்கவில்லை. முதலில் மனைவி முத்துவடிவு அகப்பட்டாள். அதுவரை வயிற்றுவலி என்றால் என்னவென்றே அறியாதவளுக்கு அது வந்ததும், உள்ளே இருக்கும் விஷம் வெளியேறுவதாக அவர் வாழ்த்துச் சொன்னார். மகள் உமாதேவி மட்டும் தப்பித்தாள். அப்பா ஆபீசுக்குப் போனதும் அம்மா அவளுக்குத் தோசை வார்த்துவிடுவாள்.

உமாதேவிக்கு ஆனி மாதம் குற்றாலத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வாசுதேவநல்லூர். இந்தக் குடும்பங்களில் கல்யாணச் சாப்பாட்டை யாரும் நினைவில் வைப்பதில்லை. மறுநாள் மறுவீட்டுக்குப் பெண்வீட்டார் போடும் சொதியைத்தான் நினைவில் வைப்பார்கள். கெட்டித் தேங்காய்ப்பாலில் கொதித்த அந்தக் குழம்பு நீர்த்துப்போனால், பெண்ணுக்குப் பேரன் பிறந்த பிறகும் சொல்லிக்காட்டுவார்கள்.

வீரபாகுவுக்கு அது தெரியும். ஆனால் சம்பந்தி பரமேஸ்வரன் தனக்குச் சுகர் இருப்பதாகச் சொல்லிவிட்டார். வீரபாகு உருகிப்போனார். மறுவீட்டன்று காலையில் தவசிப்பிள்ளை குற்றாலீஸ்வரனிடம் போய், சொதிக்குத் தேங்காய்ப்பால் வேண்டாம், கொள்ளு அவித்த தண்ணீரை ஊற்றும், உப்பும் வேண்டாம் என்றார். முப்பது வருஷமாகச் சொதி வைத்த அந்த மனிதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முத்துவடிவைத் தேடிப் போனார்.

அவள் ஓடிவந்தாள். “நம்ம பிள்ளை அங்கன போயி வாழணும். உங்க வயித்தை உங்களோட வச்சுக்கிடுங்க.”

“சம்பந்திக்குச் சுகர் இருக்கு. தெரிஞ்சே ஊத்தச் சொல்லுதியா?” என்றவர், கொள்ளுத் தண்ணீர் முழுவதும் உள்ளே போகும்வரை அடுப்படியை விட்டு நகரவில்லை.

சம்பந்தி வீட்டார் ஐந்தருவியில் ஆசைதீரக் குளித்துவிட்டு, அருவி கிளப்பிய பசியோடு இலையில் உட்கார்ந்தார்கள். சோற்றின் மேல் பழுப்பாக ஒன்று வந்து விழுந்தது. பந்தி அமைதியானது. அந்த அமைதியைப் பயன்படுத்திக்கொண்டு வீரபாகு வாயுவைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். சம்பந்தியம்மா லோகநாயகி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு அவரைப் பார்க்கவில்லை, புதுப்பெண்ணைப் பார்த்தாள்.

“பிள்ளையும் இதைத்தான் சாப்பிடுதாளா அண்ணாச்சி?”

“அவளுக்கு இதுதான் ஒத்துக்கிடும்” என்றார் பெருமையாக.

“அப்போ ஒத்துக்கிடுததையே போடுவோம்.”

சம்பந்தி வீட்டு வேன் போகிற வழியில் முதல் ஓட்டலிலேயே நின்றது.

ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். உமாதேவியை அனுப்பவில்லை. முத்துவடிவு அழுதாள். பத்தியம் கலைந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள் என்றார் வீரபாகு.

ஆவணியில் அவரே வாசுதேவநல்லூர் போனார். சாப்பாட்டு நேரம். எல்லார் தட்டிலும் அவியல், அப்பளம். உமாதேவியின் தட்டில் மட்டும் கொள்ளுக் கஞ்சி, அவித்த சுரைக்காய். இரண்டு மாதமாக இரண்டு வேளையும் அதுதான். ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வீரபாகுவுக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகள் உடம்பை இப்படிப் பேணுகிற வீட்டை இந்த ஜில்லாவிலேயே பார்த்ததில்லை என்று தழுதழுத்தார்.

“உங்க பேச்சைத் தட்டுவேனா அண்ணாச்சி?” என்று லோகநாயகி மருமகளுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

அவர் மகள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். ஒரே ஒரு குறை. உப்பு இருந்தது. அதை நாசூக்காகச் சொன்னார். லோகநாயகி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கிளம்பும்போது உமாதேவி வாசல்வரை வந்தாள். “அப்பா, நானும் ஒரு வாரம் வாரேன்ப்பா.”

“இடம் மாறினா உடம்பு குழம்பும்மா. ஒரு மண்டலம் ஒழுங்கா முடி. நாப்பத்தெட்டு நாள்.”

லோகநாயகி அதற்குள் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். இந்த இரண்டு மாதத்தையும் கணக்கில் சேர்க்கலாமா என்று பணிவாகக் கேட்டாள். உப்பு போட்ட நாட்கள் சேராது என்று சொல்லிவிட்டு, வீரபாகு பென்சிலால் நாளையிலிருந்து எண்ணத் தொடங்கினார்.