பிரேக் போல்ட்டில் சுற்றிய தங்கூசி

மூன்று வருடங்களுக்கு முன், சோளகக் காற்று வீசும் காலம். மன்னார் கீரியில் எங்கள் வீட்டு வாசலில் என் பழைய காருக்கு முன்பக்க பிரேக் பாட் மாற்றிக்கொண்டிருந்தேன். நான் மீன்பிடிக்காரன். வள்ளத்து எஞ்சின் பழுதானால் கரையில் இருப்பவர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் எதையும் கழற்றிப் பூட்டிவிடுவேன் என்ற மிதப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம். கார் திருத்தக் கராச்சுக்குப் போவதையே மானக்கேடாக நினைத்தேன்.

உப்புக் காற்றிலேயே நின்ற கார் அது. சில்லுக்கு உள்ளே பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் கலிப்பர் இருக்கிறதல்லவா, அதைத் தாங்கும் இரண்டு போல்ட்டுகளும் துருவேறி இறுகிக் கிடந்தன. முக்கி முக்கிக் கழற்றினேன். திரும்பப் பூட்டினால் மேல் போல்ட் இறுகவே இல்லை, சும்மா சுற்றிக்கொண்டு நின்றது. ஓட்டைக்குள் போல்ட்டைப் பிடிக்கும் புரி முழுவதும் உதிர்ந்துவிட்டது.

எனக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. வள்ளத்து எஞ்சின் மூடியில் புரி தேய்ந்தால் நாங்கள் என்ன செய்வோம்? தூண்டிலுக்குப் போடும் தங்கூசி என்ற நைலோன் நூலை போல்ட்டில் நெருக்கமாகச் சுற்றி, முறுக்கி இறக்கிவிடுவோம். கல்லு மாதிரி நிற்கும். காருக்கும் அதையே செய்தேன். நின்றது. கையைக் கழுவிவிட்டுப் போய்ச் சோறு சாப்பிட்டேன்.

நாலாம் நாள், பிள்ளை பெற்றிருந்த என் தங்கச்சியை மன்னார் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. கலியாணம் முடித்து ஏழு வருடத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளை. மச்சானுக்குக் கட்டுக்கரைப் பக்கம் வயல். அன்று அவருக்கு வாய்க்கால் தண்ணீர் முறை, விட்டுவிட்டு வர முடியாது. "நீங்கள் வாறீங்கள் எண்டால் எனக்குப் பயமில்லை அண்ணா" என்று தங்கச்சி போனில் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரத்திலேயே முன்சில்லுப் பக்கம் டொக் டொக் என்று சத்தம். "என்ன சத்தம் அண்ணா?" என்றாள். "ஒண்டுமில்லையம்மா, கல்லொண்டு" என்று சொல்லி ரேடியோச் சத்தத்தைக் கூட்டினேன். அது கல்லில்லை என்று உள்ளுக்குள் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

மன்னார்த் தீவை விட்டு வெளியேறும் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் மூன்று கழுதைகள் திடீரெனத் தெருவுக்கு ஏறின. பிரேக்கை அழுத்தினேன். இரும்பும் இரும்பும் அடிபடும் சத்தத்தோடு கார் ஒரு பக்கம் இழுத்து, தெருவை விட்டு இறங்கி மணலில் புதைந்து நின்றது. ஒரு கணம் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு பிள்ளை வீரிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பக்கத்துக் கடைக்காரர் ஆட்களோடு வந்து காரைத் தெருவோரம் தள்ளி ஏற்றிவிட்டு, தாராபுரத்தில் கராச் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் மோட்டார் சைக்கிளில் சாமான் பையோடு வந்து சில்லைக் கழற்றினார். மேல் போல்ட் பாதி வெளியே வந்திருந்தது. கலிப்பர் சரிந்து சில்லோடு அடிபட்டிருந்தது. "கடைசியா ஆர் இதில கை வச்சது?" என்று கேட்டார்.

"டவுன்ல ஒரு கராச்சில செய்தது" என்றேன், வாய் கூசாமல்.

அவர் போல்ட்டை உருவி எடுத்தார். அதில் சூட்டில் உருகிய நூல் கட்டிப்பட்டு ஒட்டியிருந்தது. கடை நிழலில் பிள்ளையோடு நின்ற தங்கச்சி கிட்ட வந்து அதைக் கையில் வாங்கினாள். வலைக்கு நடுவில் வளர்ந்தவளுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. "அண்ணா, இது தங்கூசி எல்லோ?" என்று மெல்லக் கேட்டாள்.

மெக்கானிக் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலைக்குக் குனிந்தார். எனக்குத் தங்கச்சியின் முகத்தைப் பார்க்க வெட்கம். அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கராச்சிலிருந்து வேண்டிய சாமானை வரவழைத்து, கெட்ட புரியைத் துளைத்து எடுத்து, புதுப் புரி வெட்டி, அதற்குள் ஸ்பிரிங் போலச் சுருண்ட உருக்குப் புரி ஒன்றைத் திருகி இறக்கினார். புது போல்ட்டுகளை முதலில் விரலாலேயே பூட்டினார். விரலுக்கு இலேசாகப் போன பிறகுதான் இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பனரைப் பிடித்தார். தானே காரை எடுத்துக்கொண்டு போய்ப் பல தடவை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்று மட்டும் சொன்னார். "வள்ளம் நடுக்கடலில நிண்டா துடுப்பு இருக்கு. இதுக்கு என்ன இருக்கு?"

நான் திரும்பிப் பார்த்தபோது தங்கச்சி ஒரு ஓட்டோவை மறித்து ஏறிவிட்டிருந்தாள். "நீங்கள் பின்னால வாங்கோ அண்ணா" என்றாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஏசவில்லை. கட்டுக்கரை வரைக்கும் அந்த ஓட்டோவுக்குப் பின்னால், நன்றாக பிரேக் பிடிக்கும் வெறும் காரை அழுதுகொண்டே ஓட்டிப்போனேன்.

பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குக் கோயிலுக்குப் போகத்தான் தங்கச்சி மறுபடி என் காரில் ஏறினாள். கதவில் கையை வைத்தபடி, "பிரேக் ஆர் பாத்தது?" என்று கேட்டாள். "தாராபுரத்தில காட்டினனான்" என்றேன். அதற்குப் பிறகுதான் பிள்ளையோடு உள்ளே வந்தாள். இன்றைக்கும் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறாள். முந்திய நானாக இருந்தால் கோபித்திருப்பேன். இப்போது, அவள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன், அவள்தான் ஒவ்வொரு முறையும் முந்திவிடுகிறாள்.