மாமனார் ஏறிய வண்டி

கத்ரிக்குப் பயமே தெரியாது என்று எங்கள் பாலைவன ஊரான திஷித்தில் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடமாக, சந்தை ஊரான திஜிக்ஜாவுக்கும் திஷித்துக்கும் நடுவே பிக்கப் ஓட்டுகிறவன். ரோடா இருக்கிறது? மணலும் கல்லும்தான். கண்ணை மட்டும் விட்டுவிட்டு முகம் முழுக்கத் தலைப்பாகைத் துணியைச் சுற்றிக்கொண்டு, ஏதோ பாட்டை முனகியபடியே ஓட்டுவான். நான் துணி வியாபாரி. மாதம் ஒரு முறை அவன் வண்டியில்தான் போய்வருகிறேன். அவன் எப்படிப் பயப்படுவான் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்தான்.

திஜிக்ஜாவிலிருந்து ஊருக்குக் கிளம்பி இரண்டாம் நாள் காலை. அரிசி, சர்க்கரை, மாவு மூட்டைகள், என் துணிப்பொதி, அதற்கு மேல் பதினோரு பேர். தேநீருக்காக வண்டியை நிறுத்தினான். எல்லாரும் அடுப்பைச் சுற்றி உட்கார, நான் ஒதுங்குவதற்காகப் பின்பக்கம் போனேன். கத்ரி வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். வலது பின்சக்கரத்தின் ஸ்பிரிங் பட்டையில் ஒரு வேலமரத் துண்டைச் செருகி, டயர் டியூபைக் கிழித்து அதன்மேல் சுற்றிக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்லக்கா. மேல் பட்டை லேசா விரிசல் விட்டிருக்கு."

"லேசாவா? என் விரலே உள்ள போகும் போலிருக்கேடா!"

"கத்தாதேக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும். மேல இருக்கிறவங்க காதுல விழுந்தா இங்கேயே இறங்கி உட்கார்ந்துடுவாங்க. இருக்கிறது ரெண்டு கேன் தண்ணி. கிணறு மலை இறக்கத்துக்குக் கீழதான் இருக்கு."

"எப்போ விட்டுச்சு?"

"நேத்து பொழுது சாயும்போது. பாதி வழி வந்தாச்சு. திரும்பினாலும் அதே தூரம்தான்."

யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். புத்தி கெட்டவள், செய்து கொடுத்தேன்.

அதன்பிறகு எனக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒவ்வொரு கல்லிலும் கிரீச், கிரீச். கத்ரியின் முனகல் நின்றுவிட்டது. ஆமை வேகத்தில் போனான். என் கை கதவுப் பிடியை விட்டு அகலவே இல்லை.

அப்போதுதான் தூரத்தில் ஒற்றை மரத்தடியில் ஒரு ஆள் கையைத் தூக்கினார். எங்கள் பக்கத்தில் தூக்கிய கையைக் கண்டு நிற்காமல் போகிறவன் மனுஷனே இல்லை. பாரம் ஒரு ஆள் கூடினாலும் ஆபத்துதான், ஆனால் கத்ரி நிறுத்தினான். நிறுத்திய பிறகுதான் முகத்தைப் பார்த்தான். தலைப்பாகையைச் சட்டென்று கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

அவன் மாமனார் ஷேக்னா!

எங்கள் ஆட்களின் வெட்கத்தை என்னவென்று சொல்ல? பெண் கொடுத்தவர் முன்னால் மருமகன் வாய் திறக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, முகம் காட்டக் கூடாது. எதிரே வந்தால் சந்துக்குள் ஓடி ஒளிய வேண்டும். கத்ரிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். மாமனார் அவன் குரலைக்கூடக் கேட்டதில்லை. போதாக்குறைக்கு, டிரைவருக்குப் பெண் கொடுப்பதா என்று இரண்டு வருடம் பிடிவாதம் பிடித்தவர் அவர். இப்போது மனம் கசந்தால் மகளைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போக அவருக்கு ஒரு வார்த்தை போதும். எங்களில் அது பெரிய காரியமே இல்லை. கத்ரிக்கோ பெண்டாட்டி தெஸ்லெம் இல்லாவிட்டால் சோறு இறங்காது.

பெரியவருக்கும் அது யார் வண்டி என்று தெரியாதா? ஊருக்கே தெரிந்த நீல வண்டி. ஆனால் காணாமல் போன ஒட்டகத்தைத் தேடி வந்தவர், தண்ணீர்ப் பை காலி, முட்டி வேறு வீங்கியிருந்தது. என்னை மட்டும் பார்த்துப் பேசினார்.

"முனினா, டிரைவர் யாரோ என்னமோ, முன்னால இடம் இருக்குமான்னு கேளு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் நடுவில் நகர்ந்தேன். அவர் கதவோரம் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் மருமகன் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டான், அந்தப் பக்கம் மாமனார் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். சிரிப்பெல்லாம் சக்கரம் அடுத்த கல்லில் ஏறி விழுந்ததோடு போய்விட்டது. கிரீச்!

மலை விளிம்புக்கு வந்தோம். அங்கே மேலே இருப்பவர்கள் இறங்கி நடப்பது வழக்கம்; முன்னால் இருப்பவர்கள் இறங்குவதில்லை. இறங்கினார்கள். பெரியவர் அசையவில்லை.

"பெரியவரே, வாங்களேன், காலாற நடக்கலாம்" என்றேன்.

"என் முட்டியைப் பார்த்தியா? நீ வேணா நட. நான் இருக்கேன்."

கத்ரியின் முழங்கை என் விலாவில் குத்தியது. திரும்பினேன். தலைப்பாகை இடுக்கில் அந்தக் கண்கள் என்னைக் கெஞ்சின. நான் இறங்கினால் இருவரும் தனியாக இருக்க வேண்டுமே! உயிரே போகும் இடத்திலும் இவனுக்கு வெட்கம்! பட்டை உடைந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சத்தியம் என் நாக்கைக் கட்டிவிட்டது. உட்கார்ந்தே இருந்தேன். மனதுக்குள் என் பிள்ளைகள் மூன்று பேரின் பெயரையும் சொல்லிக்கொண்டேன்.

முதல் வளைவு கடந்தது. இரண்டாவது வளைவில், பள்ளம் வலப்பக்கம். துப்பாக்கி வெடித்தது போல் ஒரு சத்தம். வண்டியின் பின்புறம் வலது பக்கம் சரிந்து, அப்படியே விளிம்பை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. கத்ரி பிரேக்கின்மேல் எழுந்தே நின்றுவிட்டான். வண்டி நின்றது. பெரியவரின் ஜன்னலுக்கு வெளியே தரை இல்லை. வெகு கீழே ஈச்ச மரங்கள் தெரிந்தன.



கத்ரி ஒரு கையால் தன் பக்கத்துக் கதவைத் திறந்தான். அவன் காலை பிரேக்கிலிருந்து எடுக்க முடியாது. எடுத்தால் எல்லாரும் போய்விடுவோம். ஆகவே அவன் மடியின் மீது ஏறித்தான் வெளியே போக வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. அவன் தோளைப் பிடித்து, தொடையை மிதித்து, வெளியே விழுந்தேன். திரும்பிப் பார்த்தால், பெரியவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்! மருமகனின் மடிமீது மாமனார் ஏறுவதா? முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். கற்கள் சக்கரத்தடியிலிருந்து உருண்டு விழுந்துகொண்டிருந்தன.

"பெரியவரே, வாங்க! வாங்க!" என்று அலறினேன். அவர் அசையவில்லை.

அப்போது கத்ரி தலைப்பாகையை முகத்திலிருந்து பிய்த்து எறிந்தான்.

"மாமா! என் மேல ஏறுங்க மாமா! மிதிச்சுக்கிட்டு வாங்க! நான் கத்ரி, உங்க மருமகன்! தெஸ்லெமுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? எந்திரிங்க, கிழவனாரே!"

மலையே எதிரொலித்தது. பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார். அவன் நீட்டிய கையைப் பிடித்தார். அவன் மடியில் முட்டி போட்டு, மார்பில் உரசி, கதவு வழியாக என் கையில் வந்து விழுந்தார். நடந்து வந்தவர்கள் ஓடிவந்து சக்கரங்களுக்கு அடியில் பாறைகளைத் தள்ளி அடைத்தார்கள். கத்ரி இறங்கி, வண்டிக்கு அந்தப் பக்கம் போய் வாந்தி எடுத்தான்.

"யார் அப்படிக் கத்தினது?" என்று ஒருவன் கேட்டான்.

"யாரு கத்தினா? நான் தூங்கிட்டேன். எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் ஷேக்னா. அவர் தாடி இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. யாரும் மறுபடி கேட்கவில்லை.

மூட்டைகளை இறக்கி, வண்டியை உள்பக்கம் இழுத்துப் போட்டார்கள். கத்ரி அடியில் புகுந்து அச்சைப் பழைய இடத்துக்கு அடித்துக் கொண்டுவரத் தொடங்கினான். நான் பெரியவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"முட்டி வலியாம் முட்டி வலி! நடந்திருந்தா என்ன?"

"பட்டை உடைஞ்சிருக்குன்னு ஏறும்போதே சத்தம் சொல்லுச்சு" என்றார் மெதுவாக.

"தெரிஞ்சுமா உட்கார்ந்திருந்தீங்க?"

"எல்லாரும் பார்க்கிறப்போ, முன் சீட்டிலிருந்து நான் மட்டும் இன்னைக்கு இறங்கி நடந்தா? என் மருமகன் வண்டியை நானே நம்பலைன்னு ஆயிடாதா?"

ஒன்பது வருடத்தில் 'என் மருமகன்' என்ற அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. வண்டிக்கு அடியில் சுத்தியல் சத்தம் நின்றுபோயிற்று. பெரியவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.