தவமலரும் சபையின் சைரனும்

தவமலரைப் பிடிக்காதவர்கள் புன்னைமுனையில் இரண்டு வகை. பிரதேச சபையில் வேலை பார்க்கிறவர்கள் ஒன்று, சபையில் காரியம் ஆக வேண்டியவர்கள் மற்றது. மிச்சப் பேருக்கு அவளிடம் பயம். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே ரோட்டில் போகிற சபை ஊழியனை நிறுத்தி, "வடிகானை ஏன்டா மூடினீங்க?" என்று கேட்கிற பெண்ணை யாருக்குப் பிடிக்கும்? எனக்குப் பிடிக்கும். அவள் வீட்டுக்கு எதிரே தேத்தண்ணிக்கடை வைத்திருக்கிறவன் நான். அவள் வாயைக் கேட்காத நாளில் எனக்குப் பொழுது போகாது.

சுனாமி அன்று அவள் இரண்டு பிள்ளைகளோடு கடலை விட்டு மேற்கே ஓடினாள். இடுப்பில் இருந்த தனுஷியா மிஞ்சினாள். கையில் பிடித்திருந்த மூத்தவனைத் தண்ணீர் பறித்துக்கொண்டது. அதன் பிறகு மகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்க முன்பே அவள் ஒன்றைச் சொல்லிக் கொடுத்தாள். ஆபத்துச் சத்தம் கேட்டால் கடலுக்கு முதுகைக் காட்டி ஓடு, என்னைத் தேடாதே, பின்னால் கிறுகிப் பார்க்காதே. பிள்ளை அதைத் தேவாரம் போலப் பாடமாக்கி வைத்திருந்தாள். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள்.

பிறகு ஷெல் வந்தது, முகாம் வந்தது, ஒருவழியாக ஊருக்குத் திரும்பினோம். எங்களுக்குக் கூரை வருவதற்கு முன்னரே சபைக்கு ஒரு சேர்மன் வந்துவிட்டார். அவரோடு சேர்ந்து, கடல் வந்தால் ஊதுவதற்கு ஒரு சைரன் கோபுரமும் வந்தது. கோபுரத்தைக் கொடுத்த வெளிநாட்டுக்காரர் ஒரு நிபந்தனை போட்டார்கள்: ஆபத்துக் காலத்தில் சபை செய்வதைப் பார்க்கவும் கேட்கவும் பொதுமக்கள் குழு ஒன்று வேண்டும். சேர்மன் பெருந்தன்மையானவர். தன்னைக் கேள்வி கேட்கிற ஆட்களைத் தானே தெரிவு செய்தார். அவருடைய மச்சான், கூட்டம் தொடங்கினால் தூங்கிவிடுகிற கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் நல்லரத்தினம், கூட்டத்துக்குத் தின்ன ரோல்ஸ் நன்றாகச் செய்வதால் நான். ஒரு பெண்ணும் இருக்க வேண்டும் என்றார்கள். வேறு எவளும் வர மாட்டேன் என்றதால் தவமலர்.

முதல் கூட்டத்திலேயே அவர் தன் பிழையை உணர்ந்திருப்பார். அந்த மாரியில் ஊர் முழுக்க டெங்குக் காய்ச்சல். கொசுவுக்குப் புகை அடித்தது சேர்மன் வீட்டு ஒழுங்கையில் மட்டும். "உங்கட ஒழுங்கைக் கொசு மட்டும்தான் ஐயா கடிக்குமா? எங்கட கொசு விரதமா?" என்று கேட்டாள். நல்லரத்தினமே கண் விழித்துவிட்டார். அடுத்த நாள் புகைக்காரன் எங்கள் பக்கமும் வந்தான், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

வடக்கே சண்டை முடிந்த அந்த வருஷம் ஆடியில் மேற்கேயிருந்து கச்சான் காற்று பிசாசு மாதிரி அடித்தது. ஊருக்கு மேற்கே இலுக்குப்புல் பற்றை காய்ந்து கிடந்தது. புதுப் புல் முளைக்க வேண்டுமென்று மாட்டுக்காரர் அதற்கு நெருப்பு வைப்பது வழக்கம். எங்கள் கூரையெல்லாம் தென்னோலைக் கிடுகு. ஊருக்கும் பற்றைக்கும் நடுவில் நெருப்புத் தாண்டாதபடி அகலமாக ஒரு பட்டிக்குப் புல்லை வெட்டிவிடுங்கள், தண்ணீர் பவுசர் லொறியை ஊருக்குள் நிறுத்துங்கள் என்று தவமலர் கேட்டாள். பவுசர், அமைச்சர் வருகிற ரோட்டில் தூசி அடக்கப் போயிருந்தது.

"அதுக்குத்தான் சைரன் இருக்கே தங்கச்சி," என்றார் சேர்மன். "நெருப்பெண்டாலும் அதையே ஊதுவம்."

"கடலுக்கும் அதே சத்தம், நெருப்புக்கும் அதே சத்தமா? சனம் எந்தப் பக்கம் ஓடும் ஐயா? நெருப்புக்குக் கோயில் மணியை அடிப்பம்."

"கோயில் மணி திட்டத்தில இல்ல," என்றார் மச்சான். எல்லாரும் சிரித்தார்கள். ரோல்ஸ் தட்டு அடுத்த சுற்று வந்தது.

அடுத்த கூட்டம் சபைக் கட்டடத்தில் நடந்துகொண்டிருந்தபோதே சைரன் ஊதியது. சேர்மன் மீசையைத் தடவிக்கொண்டார். "கேட்டீங்களா? வேலை செய்யுது." ஜன்னலால் பார்த்தால் மேற்கே வானம் கறுப்பு. தவமலர் கதிரையைத் தள்ளிவிட்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

சனம் எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது, மேற்கே, புகையைப் பார்த்தபடியே. கண்ணுக்கு முன்னால் நெருப்பு, ஆனால் காதில் கடல். பயம் கண்ணையா கேட்கும்? கால் ஊனமான கோணாமலை கடற்கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர். அதைவிடப் பாதுகாப்பான இடம் அன்றைக்கு ஊரில் இல்லை. இரண்டு இளந்தாரிகள் அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கி, நெருப்பிருந்த பக்கம் கொண்டுபோனார்கள். கோணாமலை ஆஸ்பத்திரியில் செத்தார். அந்த இரண்டு பேரும் இன்றைக்கும் என் கடைப்பக்கம் வருவதில்லை.

தனுஷியாவை ரோட்டு மதகடியில் கண்டோம். முடி கருகி, உள்ளங்கால் இரண்டும் தோல் உரிந்திருந்தது. தாயைக் கண்டதும் அழவில்லை. "நீங்க சொன்ன மாதிரித்தானேம்மா ஓடினனான். கிறுகிப் பார்க்கவேயில்ல," என்றாள். தவமலர் அவளைத் தூக்கிக்கொண்டு கடல் பக்கம் நடந்தாள்.

நெருப்பு தானாக அணைந்த பிறகு பவுசர் வந்தது. சபை அறிக்கை எழுதியது: சைரன் ஊதியவுடன் மக்கள் ஒருவர்கூட வீட்டில் தங்காமல் வெளியேறினர், உயிரிழந்தவர் முதியவர். குழுவின் ஒப்பம் வேண்டுமாம். மச்சான் வைத்தார், தூக்கக் கலக்கத்தில் நல்லரத்தினமும் வைத்தார். நான் வைக்கவில்லை. தவமலரிடம் கேட்கவே அவர்களுக்குத் துணிவில்லை.

மாரிக்கு முன் வெளிநாட்டுக்காரர் பார்க்க வந்தார்கள். சேர்மன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஒத்திகை என்றார், எதற்கான ஒத்திகை என்று சொல்லவில்லை. சைரன் ஊதியது. ஒருவரும் ஓடவில்லை. ஆளாளுக்கு வாசலில் நின்று கிழக்கே ஒருதரம், மேற்கே ஒருதரம் பார்த்தார்கள்.

"பாருங்கோ, இப்ப சனம் பதறாம நிக்குது. பயிற்சி குடுத்திருக்கிறம்," என்றார் சேர்மன். வந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கொதிதண்ணிக் கேத்தலைத் தூக்கி எறிந்திருப்பேன்.

எதிர்வீட்டு முற்றத்தில் தனுஷியா காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். காலில் இன்னும் துணி சுற்றியிருந்தது. சைரன் நிற்கவில்லை.

"அம்மா, எந்தப் பக்கம்?" என்று கத்தினாள். "சொல்லுங்கம்மா, எந்தப் பக்கம்?"

சபையையே கேள்வி கேட்டு நடுங்க வைத்தவள் மகளின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். சொல்வதற்கு அவளிடம் ஒரு பக்கமும் இருக்கவில்லை.