அண்ணையின் கியூபாச் சுருட்டு

புலம்பெயர்ந்து வந்த லூயிஷாமில் அண்ணை வீட்டுத் தோட்டம். கியூபாவில் கையால் சுற்றி, காகித வளையத்தில் அண்ணையின் பெயரையே அச்சிட்ட சுருட்டொன்றை அவருடைய மருமகன் பரிசளித்திருக்கிறார். அண்ணை கண்ணை மூடிப் புகை விட, எனக்கு வயிறு எரிகிறது. தலை நரைத்துவிட்டது, பொறாமைக்கு மட்டும் ஒரு முடிகூட நரைக்கவில்லை.

சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலும் இதே எரிச்சல்தான். அப்பாவின் சுருட்டை அடுப்பில் பற்றவைத்துக் கொடுப்பது அண்ணை. குசினி முழுக்கப் புகையிலை வாசம் பரவ, முதல் இழுவை அவருக்கே கிடைக்கும். சாம்பல் சிரட்டையைக் கொட்டிவரும் பதவி எனக்கு.

"அண்ணை, அப்பாவின்ர சுருட்டு அப்ப நல்ல ருசியோ?"

"சீ, வயித்தைப் பிரட்டும். நீ வாயைப் பிளந்து பாத்துக்கொண்டு நிண்டதுதான் ருசி."

"அப்ப இது?"

"இதுவும் கொஞ்சம் கசக்குதடா. நீ இன்னும் கிட்ட வந்து நில்."